வேள்விக்குடிச் செப்பேடும் கடுங்கோன் வரலாறும் – ஒரு திறனாய்வு

1

இடைக்காலப் பாண்டியரின் வரலாறு கடுங்கோனுடன் தொடங்குகின்றது. சங்ககாலம் முடிவுற்றபின் களப்பிரர் தமிழகத்தைக் கைப்பற்றினர் என்றும், அவர்தம் ஆட்சியில் நாடு இருளில் மூழ்கியது என்றும், கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கடுங்கோன் என்னும் பாண்டியன் தோன்றி அவ்விருளை அகற்றி மதுரையிலே தன் குலத்தின் ஆட்சியை மீண்டும் நிறுவினான் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பாடசாலை மாணவர் தொட்டுப் பல்கலைக்கழக மாணவர் வரை யாவரும் இக்கூற்றை மனனஞ் செய்துள்ளனர். கடுங்கோனின் ஆட்சிக்காலம் கி.பி. 590 முதல் 620 வரை எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றது. சிலர் அதனைச் சில பத்தாண்டுகள் முன்னே தள்ளுவர்.

இம்மன்னனைப் பற்றி உண்மையில் அறியக்கிடப்பது யாது என்ற வினாவை எழுப்பின், விடை வியப்புத் தருவதாகும். அவனுடைய ஆட்சி பற்றிக் கிடைக்கும் சான்று ஒன்றே ஒன்று. அதுவும் அவனால் வெளியிடப்பட்டதன்று. அவனுக்கு ஆறு தலைமுறை பிற்பட்ட நெடுஞ்சடையன் பராந்தகன் தன் 3ஆம் ஆட்சியாண்டில் வழங்கிய வேள்விக்குடிச் செப்பேட்டிலே, ஒரு நில வழக்கின் கதைக்கிடையே, சில அடிகளிற் கடுங்கோன் புகழப்படுகின்றான். ஒரு பேரரசின் தொடக்கம், ஓர் இருண்ட காலத்தின் முடிவு, ஒரு பண்பாட்டின் மறுமலர்ச்சி ஆகிய மூன்று பெருஞ்சுமைகளும் இச்சில அடிகளின் மீதே ஏற்றப்பட்டுள்ளன. அவை இச்சுமையைத் தாங்கவல்லனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செப்பேடு வரலாற்றுச் சான்று மட்டுமன்று. அது ஒரு புலவனால் யாக்கப்பட்ட இலக்கியமுமாகும். ஆகவே இலக்கியத் திறனாய்வுக்குரிய கேள்விகளை அதனிடம் கேட்பது தவறாகாது. யார் சொல்கின்றனர், யாரிடம் சொல்கின்றனர், எதன்பொருட்டுச் சொல்கின்றனர் என்பனவே அக்கேள்விகள்.

2

வேள்விக்குடிச் செப்பேடு இருமொழிச் சாசனம். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப்பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் வெங்கையா இதனை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். பின்னர் கிருஷ்ண சாஸ்திரி இதனை முழுமையாகப் பதிப்பித்தார். ஆனைமலையிலுள்ள கல்வெட்டொன்று கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770, என்ற தெளிவான ஆண்டைத் தருகின்றது. அது பராந்தகனின் அமைச்சனாகிய மாறன் காரியைக் குறிப்பிடுகின்றது. செப்பேட்டின் ஆணத்தியாகிய மாறங்காரியும் இவனே என ஆய்வாளர் பலர் கொள்வர். ஆகவே செப்பேட்டின் காலமும் அவ்வாண்டை ஒட்டியதே. பாண்டியரின் காலவரிசை முழுவதும் இந்த ஒரு முளையிற் கட்டப்பட்ட கயிறாகும். கடுங்கோனுக்குரிய 590 என்ற ஆண்டும் அம்முளையிலிருந்து தலைமுறைகளைப் பின்னோக்கி எண்ணிப் பெறப்பட்டதேயன்றி, எந்தச் சாசனத்திலும் எழுதப்பட்டதன்று.

செப்பேடு கூறும் நிகழ்ச்சி ஒரு நாடகக் காட்சியை ஒத்தது. அரசன் மதுரையில் உலாப் போகின்றான். அவ்வேளை அருகே நின்றோர் முறையீட்டுக் குரல் எழுப்புகின்றனர். அரசன் அழைத்து வினவுகின்றான். கொற்கைகிழான் காமக்காணி நற்சிங்கன் என்னும் அந்தணன் தன் குறையைக் கூறுகின்றான். பாகனூர்க் கூற்றத்திலுள்ள வேள்விக்குடி என்னும் ஊர், அரசனின் முன்னோனாகிய பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியாலே, வேள்வியொன்றை முற்றுவித்த கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வழங்கப்பட்டது; நெடுங்காலம் அவன் மரபினர் அதனைத் துய்த்தனர்; பின்னர்க் களப்பிரன் என்னும் கலியரசன் நிலத்தைக் கைப்பற்றியபோது அவ்வூரும் பறிபோயிற்று; அதனை மீட்டுத் தருக என்பதே அவனுடைய முறையீடு. அரசன் முறுவலித்து, அவ்வூரின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்க என்கின்றான். நற்சிங்கன் மெய்ப்பிக்கின்றான். முன்னோர் கொடுத்ததைத் தானும் கொடுத்தேன் என்று அரசன் நீர் வார்க்கின்றான். நற்சிங்கன் தனக்கு மூன்றிலொரு பங்கை வைத்துக்கொண்டு எஞ்சியதை ஏனைய அந்தணர்க்குப் பகிர்ந்தளிக்கின்றான்.

இக்கதையின் நடுவிலேதான் கடுங்கோன் வருகின்றான். களப்பிரன் நிலத்தைக் கைக்கொண்டதைக் கூறியபின், பராந்தகன் வரையுள்ள பாண்டியரின் புகழை அடைவே கூறும் மெய்க்கீர்த்திப் பகுதி தொடங்குகின்றது. அதன் முதலிடத்திற் கடுங்கோன் நிறுத்தப்படுகின்றான். எனவே கடுங்கோனைப் பற்றிய செய்தி தன்னியல்பில் எழுந்த வரலாற்றுக் குறிப்பன்று. ஒரு வழக்கின் வாதத்திலே, நிலம் பறிக்கப்பட்டமைக்கும் நிலம் மீட்கப்படவிருப்பமைக்கும் இடையே போடப்பட்ட பாலமாகும்.

3

கடுங்கோனைப் பற்றிய அடிகளை ஊன்றி நோக்குமிடத்து இரு பண்புகள் புலப்படும். முதலாவது, அவற்றின் பொதுமை. கடலிலிருந்து எழும் ஞாயிறுபோல அவன் வெளிப்பட்டான். பணியாத மன்னரின் நகர்களை அழித்தான். நிலமகளைப் பிறரிடமிருந்து நீக்கித் தன்னுடையவளாக்கினான் என்பனவே அவற்றின் சாரம். போர்க்களத்தின் பெயர் ஒன்றேனும் இல்லை. வெல்லப்பட்டவன் பெயரும் இல்லை. களப்பிரனைக் கடுங்கோன் வென்றான் என்று வெளிப்படையாகக் கூறும் தொடர்கூட இல்லை. அது முன்பின் அமைப்பைக் கொண்டு படிப்போர் வருவித்துக்கொள்வதாகும்.

இதே செப்பேடு பிற்பட்ட பாண்டியரைக் கூறும்போது இவ்வாறு அமைவதில்லை. அரிகேசரி மாறவர்மனுக்கு நெல்வேலிப் போர் உண்டு. கோச்சடையன் இரணதீரனுக்கு மருதூரும் மங்கலபுரமும் உண்டு. தேர்மாறன் எனப்பட்ட இராசசிம்மனுக்குக் குழும்பூர் உண்டு. கூடல், வஞ்சி, கோழி ஆகிய நகர்களைப் புதுக்கிய செய்தியும் உண்டு. பராந்தகனுக்குக் காவிரித் தென்கரையிலே பெண்ணாகடமும், ஆய்வேளை வென்ற நாட்டுக்குறும்பும் உண்டு. தலைமுறை அணித்தாக அணித்தாகச் செய்தி தெளிவுறுகின்றது. சேய்மைப்படச் சேய்மைப்பட உவமையே எஞ்சுகின்றது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியரின் அரண்மனை நினைவிலே கடுங்கோனின் பெயர் எஞ்சியிருந்தது; அவன் செயல்கள் எஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தைப் புலவன் அணியாலே நிரப்பினான் எனலாம்.

இரண்டாவது பண்பு இதனினும் கருதத்தக்கது. கடுங்கோனின் செயலைக் கூறும் இடத்திலே புலவன் ஆளும் சொல் ‘உரிமை’ என்பதாகும். நிலத்தின் மீது பிறர்க்கிருந்த உரிமையை நீக்கித் தனக்கு உரிமையை அமைத்தான் என்பது கருத்து. நிலத்தை மகளாகவும் அரசனைக் கணவனாகவும் உருவகித்தல் தமிழ்க் கவிதைக்கும் வடமொழிக் கவிதைக்கும் பொதுவான வழக்கு. ஆயினும் வெற்றி என்றோ வாகை என்றோ கூறாது உரிமை என்று கூறியமை, செப்பேட்டின் மையத்திலுள்ள வழக்கின் மொழியே அரசனின் புகழுரையிலும் ஊடுருவியிருப்பதைக் காட்டுகின்றது. நற்சிங்கனின் வழக்கும் இதுவே: பிறரிடமுள்ள உரிமை நீக்கப்பட வேண்டும், பழைய உரிமை அமைக்கப்பட வேண்டும். பாண்டியன் நாட்டை மீட்டமை நற்சிங்கன் ஊரை மீட்டற்கு முன்மாதிரியாகின்றது. களப்பிரன் பறித்தது அரசர்க்கும் அந்தணர்க்கும் பொதுவான இழப்பு என்று நிறுவப்படின், அரசன் தன் இழப்பை மீட்டதுபோலவே அந்தணனின் இழப்பையும் மீட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவனாகின்றான். சாசனத்தின் தமிழ்ப்பகுதியை யாத்த ஏனாதி சாத்தஞ்சாத்தன் என்னும் சேனாபதி சிறந்த வாதத்திறன் வாய்ந்தவன் என்பதில் ஐயமில்லை.

4

எனினும் இவ்வாதத்தின் உள்ளேயே ஒரு முரண்பாடு உண்டு. வரலாற்றாசிரியர் பலர் அதனைக் கவனியாது சென்றுள்ளனர். களப்பிரர் பறித்த அந்தணர் நிலங்களை மீட்டளித்து வைதிக ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டியவன் கடுங்கோன் என்பது வழக்கமான கூற்று. அவ்வாறாயின் வேள்விக்குடியை அவன் ஏன் மீட்டளிக்கவில்லை? அவன் மகன் மாறவர்மன் அவனிசூளாமணி மீட்டளிக்கவில்லை. செழியன் சேந்தன் மீட்டளிக்கவில்லை. அரிகேசரி, கோச்சடையன், தேர்மாறன் ஆகியோரும் மீட்டளிக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட காலக்கணிப்பின்படி, கடுங்கோன் அரசுகட்டில் ஏறி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே நற்சிங்கனின் குரல் அரசனின் செவியில் விழுகின்றது. அப்பொழுதும் அரசன் உடனே இணங்கவில்லை, சான்று கேட்கின்றான்.

இம்முரண்பாட்டுக்கு மூன்று விளக்கங்கள் கூறலாம். ஒன்று, கடுங்கோனும் அவன் வழிவந்த முதற்பாண்டியரும் அந்தணர் நிலங்களை மீட்டளிப்பதைத் தம் கடமையாகக் கொள்ளவில்லை. இரண்டு, அவ்வூர் வேறெவரோ வலியோரின் கையில் இருந்தது. அவர்களைப் பகைத்துக்கொள்ள அரசர் விரும்பவில்லை. மூன்று, களப்பிரர் பறித்தனர் என்ற கதையே பிற்காலத்தில் வழக்குக்காக வடிவமைக்கப்பட்டது. இவற்றுள் எது பொருந்தும் என்பதைச் செப்பேடு ஒன்றைக் கொண்டு துணிதல் இயலாது. ஆனால் எதனை ஏற்பினும், கடுங்கோன் வைதிக மறுமலர்ச்சியின் தலைவன் என்னும் சித்திரம் நிலைபெறாது. மறுமலர்ச்சி என்று ஒன்று உண்டாயின், அதன் காலம் கடுங்கோனின் காலமன்று, பராந்தகனின் காலமே. 8ஆம் நூற்றாண்டிலே பாண்டியரின் ஆற்றல் காவிரிக்கரை வரை பரவியது. பிரமதேயங்கள் பெருகின. அரசமரபைச் சந்திரகுலத்தோடும் அகத்தியரோடும் இணைக்கும் வடமொழிப் பிரசத்தி செப்பேட்டின் முகப்பில் இடம்பெற்றது. வளர்ந்துவிட்ட அரசு தனக்கொரு தொடக்கத்தை வேண்டி நின்றது. அத்தேவைக்குப் பொருந்தியவன் கடுங்கோன்.

முதுகுடுமியின் இடமும் இங்கே நோக்கற்பாலது. புறநானூற்றிலே காரிகிழார், நெட்டிமையார், நெடும்பல்லியத்தனார் ஆகியோராற் பாடப்பட்டவன் அவன். அவன் வேள்விகள் பல செய்தமைக்குச் சங்கப்பாடலே சான்று. ஆகவே வேள்விக்குப் பரிசாக ஊர் வழங்கியவன் என ஒருவனைச் சுட்ட விரும்பிய மரபுக்கு அவனிற் சிறந்த பெயர் வேறில்லை. தொல்பெருமைக்கு முதுகுடுமி, இழப்புக்குக் களப்பிரன், மீட்சிக்குக் கடுங்கோன், நிறைவுக்குப் பராந்தகன் என நான்கு நிலைகளாகக் கதை அமைகின்றது. இது நாட்குறிப்பின் அமைப்பன்று, காப்பியத்தின் அமைப்பு.

5

கடுங்கோன் என்ற பெயர் தமிழ் நூன்மரபில் மற்றோரிடத்திலும் வருகின்றது. இறையனார் அகப்பொருளுரை முச்சங்கங்களின் கதையைக் கூறும்போது, முதற்சங்கத்தைப் புரந்தவர் காய்சினவழுதி முதலாகக் கடுங்கோன் ஈறாக 89 பாண்டியர் என்கின்றது. அச்சங்கம் இருந்த மதுரை கடல்கொள்ளப்பட்டது என்பதும் அவ்வுரையின் கூற்று. இவ்விரு கடுங்கோன்களும் ஒருவரே என வாதிட்டோரும் உளர். வேறு வேறானவர் என விலக்கினோரும் உளர். இருசாராரும் பெயரின் பின்னே ஒரு மெய்யான மனிதனைத் தேடினரேயன்றி, அப்பெயர் இரு நூல்களிலும் ஆற்றும் பணியை நோக்கினாரில்லை.

அகப்பொருளுரை நெல்வேலி வென்ற பாண்டியனைப் பாடும் பாண்டிக்கோவைச் செய்யுள்களை மேற்கோளாக ஆள்கின்றது. ஆகவே இன்றுள்ள வடிவில் அது 7ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாதல் இயலாது. பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். அதாவது, வேள்விக்குடிச் செப்பேடும் அகப்பொருளுரையும் ஏறத்தாழ ஒரே காலத்தின், ஒரே பாண்டிய நாட்டின் படைப்புக்கள். ஒன்றிலே கடுங்கோன் கடலில் மறைந்த காலத்தின் இறுதி மன்னன். மற்றதிலே கடலிலிருந்து எழும் ஞாயிறாகிய முதல் மன்னன். இவற்றுள் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது என்று கூறுவதற்குச் சான்றில்லை. ஆனால் இரண்டும் ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள் எனத் துணியலாம்.

அகப்பொருளுரையின் கதையை நினைவுகூர்ந்தால் இது மேலும் விளங்கும். பாண்டிநாட்டிலே பன்னீராண்டு வற்கடம் வந்தது, அரசன் அறிஞரைப் புறநாடுகளுக்கு அனுப்பினான், வற்கடம் நீங்கியபின் அவர்கள் மீண்டனர், ஆனாற் பொருளிலக்கணம் வல்லோர் எவரும் வந்திலர், அரசன் வருந்தினான், இறைவன் நூலை அருளினான். இங்கும் தொல்பெருமை, இழப்பு, மீட்சி என்ற அமைப்பே உளது. செப்பேட்டிலே மீட்கப்படுவது நிலம். உரையிலே மீட்கப்படுவது நூல். பிற்பட்ட சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டிலும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியமையும் மதுரையிற் சங்கம் வைத்தமையும் பாண்டிய முன்னோரின் செயல்களாகப் பேசப்படுகின்றன. பாண்டியரின் அரசவைப் பண்பாடு தன் நிகழ்காலத்தை ஒரு மீட்சியாகக் காண விரும்பியது. அவ்விருப்பம் கடுங்கோன் என்ற பெயரை இருமுறை பயன்கொண்டது.

6

8ஆம் நூற்றாண்டுப் புலவன் தன் அரசனின் பொருட்டும் ஓர் அந்தணனின் பொருட்டும் அமைத்த இக்கதையை 20ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் எவ்வாறு ஏற்றனர் என்பது அடுத்துக் கருதத்தக்கது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1929இல் வெளிவந்த தம் பாண்டியர் வரலாற்று நூலிலும் 1955இல் வெளிவந்த தென்னிந்திய வரலாற்றிலும் பாண்டியரின் காலவரிசையை வகுத்தமை பெரும்பணியாகும். எனினும் களப்பிரர் காலத்தை ஒரு நீண்ட இரவாகவும், களப்பிரரை நாகரிகத்தின் பகைவராகவும் அவர் சித்திரித்தார். கலியரசர் என்ற செப்பேட்டு வசைச்சொல்லே இங்கு ஆய்வாளரின் முடிவுரையாக மாறிவிட்டது. வழக்கிலே ஒருசாராரின் மனுவை வாசித்துவிட்டு, எதிர்த்தரப்பை அழைக்காமலே தீர்ப்பு வழங்கப்பட்டது போன்றது இது.

எதிர்த்தரப்பின் குரல் முற்றாக மறைந்துவிடவுமில்லை. பாலிமொழியில் விநயவினிச்சயம் முதலிய நூல்களை யாத்த புத்ததத்தர் அனுராதபுர மகாவிகாரையோடு தொடர்புடையவர், சோழநாட்டினர். காவிரிக்கரையிலுள்ள பூதமங்கல விகாரையிலிருந்து நூல் செய்தபோது, களம்ப குலத்து அச்சுதவிக்கந்தன் நாடாண்டான் என நன்றியுடன் குறிக்கின்றார். பௌத்த நூலாசிரியன் ஒருவன் வாழ்த்தும் அவ்வரசனின் பெயரோ திருமாலின் பெயர். சைவ அடியார் அறுபத்துமூவருள் ஒருவராகிய கூற்றுவ நாயனாரை நம்பியாண்டார் நம்பி களப்பாளர் எனக் குறிக்கின்றார். களப்பாளரும் களப்பிரரும் ஒருவரே எனக் கொள்ளின், களப்பிரர் குலம் சமண பௌத்தத்துக்கே உரியது என்ற கருத்தும் நெகிழ்கின்றது. களப்பிரர் கடுங்கோனால் அழிந்தொழிந்தனர் என்பதும் பொருந்தாது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சிம்மவிஷ்ணு வென்றோரின் வரிசையிற் களப்பிரரைக் கூறுகின்றது; சாளுக்கியரின் சாசனங்கள் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அவர்களைக் குறிக்கின்றன. அழிந்தவர்களை மீண்டும் மீண்டும் வெல்லவேண்டிய தேவையில்லை.

இலக்கியத்தை நோக்கினும் இருள் என்ற சொல் பொருந்துமாறில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களிற் பலவும், சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இக்காலப்பகுதியைச் சார்ந்தவை எனக் கருதுவோர் பலர். ஈழத்து அறிஞர் இவ்விடயத்தில் நிதானமான நோக்குடையவராய் இருந்தமை குறிப்பிடத்தக்கது. பேராசிரியர் வி. செல்வநாயகம் தம் தமிழ் இலக்கிய வரலாற்றில் இதனைச் ‘சங்கமருவிய காலம்’ என்றார். பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை ‘அறநெறிக் காலம்’ என்றார். இருள் என்னும் சொல்லைத் தவிர்த்து, அக்காலத்து நூல்களின் பண்பைக்கொண்டே பெயரிட்டமை சிறந்த திறனாய்வுச் செயலாகும். பேராசிரியர் க. கைலாசபதி ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரையில், சமயப்போராகத் தோன்றியதன் அடியிலே நிலவுடைமையாளர்க்கும் வணிகர்க்கும் இடையிலான முரண்பாடு இருந்தமையைச் சுட்டினார். வேள்விக்குடிச் செப்பேட்டின் அடியிலும் நிலமே இருக்கின்றது என்பது அந்நோக்கிற்கு அரண்செய்வதாகும். தமிழகத்திலே மயிலை சீனி. வேங்கடசாமி களப்பிரர் ஆட்சியைத் தனிநூலாக ஆராய்ந்து, அக்காலம் இருண்ட காலமன்று என வாதிட்டார்.

எனினும் இருளை மறுக்கப் புகுந்தோர் சிலர் மறுகோடிக்குச் சென்றதையும் சுட்டாது விடல் தகாது. களப்பிரர் அந்தணர் மேலாண்மையை எதிர்த்தெழுந்த மக்கட் புரட்சியினர் என்றும், கடுங்கோன் அப்புரட்சியை நசுக்கியவன் என்றும் கூறுவோர் உளர். இதற்கும் அடிப்படை அதே செப்பேடுதான். அதன் வசையைப் புகழாகத் திருப்பிப் படிப்பதே நிகழ்கின்றது. 1979இல் அறியப்பட்ட பூலாங்குறிச்சிக் கல்வெட்டுக்கள் இங்கு எச்சரிக்கை தருகின்றன. சங்ககாலத்துக்கும் கடுங்கோனுக்கும் இடைப்பட்டவை எனக் கொள்ளப்படும் அவை, சேந்தன் கூற்றன் என்னும் அரசனின் காலத்திலே தேவகுலங்களையும் பிரமதாயத்தையும் குறிக்கின்றன. நிலத்திலே மீயாட்சி, காராண்கிழமை என்னும் வேறுவேறான உரிமைகளையும் குறிக்கின்றன. அவ்வரசன் களப்பிரனா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. எவ்வாறாயினும், இருண்ட காலம் எனப்பட்ட காலத்திலே அந்தணர் நிலங்கள் யாவும் ஒழிந்தன என்ற பொதுவிதி அவற்றாற் பொய்யாகின்றது. அவ்வாறே, களப்பிரர் கன்னடர், கடுங்கோன் தமிழ்நாட்டை அயலாரிடமிருந்து விடுவித்த இனவீரன் என்ற விளக்கமும் செப்பேட்டிலிருந்து எழுவதன்று. களப்பிரனின் மொழியைச் செப்பேடு கூறவில்லை; சமயத்தைக் கூறவில்லை. வடமொழியையும் தமிழையும் ஒரே ஏட்டில் அருகருகே வைத்த அரசவைக்கு, பிற்காலத்தார் கற்பித்த இனப்பகை தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

7

இவ்வளவும் களைந்தபின் கடுங்கோனைப் பற்றி எஞ்சுவது யாது? பராந்தகனின் மரபு தன் முன்னோருட் கடுங்கோன் என ஒருவனை 8ஆம் நூற்றாண்டிலே நினைவுகூர்ந்தது. அவனுக்கு முற்பட்ட பாண்டியரை வழிமுறையாகக் கூறும் ஆற்றல் அம்மரபுக்கு இருக்கவில்லை. ஆகவே அவனிடத்திலே ஒரு முறிவு நிகழ்ந்திருத்தல் கூடும். அவன் பிறரோடு பொருது நிலத்தைக் கைக்கொண்டவன் என்ற நம்பிக்கை நிலவியது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வடக்கே பல்லவர் சிம்மவிஷ்ணுவின் கீழ் எழுச்சி பெற்றமை, தெற்கிலும் அத்தகைய எழுச்சி நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதற்குத் துணைச்சான்றாகும். இவ்வளவே கூறத்தகும். இது சிறிதெனினும் உறுதியானது. கடுங்கோன் என ஒருவன் இருந்திலன் என்பதன்று இக்கட்டுரையின் முடிபு. அவன் இருந்தான் என்பதற்கும் அவன் இருளகற்றிய ஞாயிறு என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தறிதல் வேண்டும் என்பதே.

அத்தூரத்தை அளப்பதிற் பழைய அரசன் ஒருவனின் புகழ் மட்டும் தங்கியிருக்கவில்லை. வேள்விக்குடியில் நற்சிங்கன் மீட்சி பெற்ற நாளிலே வேறு எவரோ ஒரு நிலத்தை இழந்தனர். பல தலைமுறையாக அவ்வூரைக் கையில் வைத்திருந்தோர் யாவர், உழுதோர் யாவர் என்பதற்கு முறையீட்டுக் கதையில் இடமில்லை. அவர்கள் பக்கத்துச் செப்பேடு ஒன்று எழுதப்படவுமில்லை. பழமையைக் காட்டி நிலத்துக்கு உரிமை கோருதலும், அப்பழமையைக் காட்டவல்ல ஏடு யார் கையில் உள்ளதோ அவர் வெல்லுதலும், 8ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோன செயல்களல்ல. ஆகவே ஏடு கூறுவதை வரலாறு என்று ஏற்குமுன் அதனை எழுதுவித்தவர் யார், எழுதப்படாதவர் யார் என்று கேட்கும் பயிற்சி வரலாற்று மாணவர்க்கும் இலக்கிய மாணவர்க்கும் ஒருங்கே வேண்டப்படுவதாகும்.

இவ்விடத்திலே பராந்தகனிடமிருந்தே ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம். தன் குலத்தின் பெருமையை விரித்துரைத்த வாதத்தைக் கேட்டபின்னரும், அவன் முறுவலித்து, அதனை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு பணித்தான் என்று செப்பேடே கூறுகின்றது. தனக்குப் புகழ்தரும் கதைக்கும் சான்று கேட்டான் அம்மன்னன். அவனுடைய செப்பேட்டை வாசித்தோர் அச்சான்றைக் கேட்க மறந்தனர். கடுங்கோனின் வரலாறு இனி எழுதப்படுமாயின், அது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.